சாமை மிதித்த ஆறு சைக்கிள்கள்

ஜவ்வாது மலையில் சைக்கிள் ஓட்டியதாக இணையத்தில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறார்கள். காரின் முதுகில் சைக்கிளைக் கட்டி மேலே கொண்டுபோகிறார்கள். ஏரிக்கரையில் இறக்கி, தலைக்கவசம் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு, அதே காரில் கீழே இறங்கிவிடுகிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போளூர்ச் சாலையில் நான் மூச்சிரைக்க ஏறும்போது அந்தக் கார்கள்தான் என் முழங்கையை உரசிக்கொண்டு போகின்றன.

அவர்கள் எழுதியதை நம்பிப் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பைக் கும்பல்களின் புகையை மட்டும் தின்றுவிட்டு வந்தேன். இந்த முறை மலையின் பெரிய சாலையை விட்டு, வண்டி வராத சாலையாகத் தேடி ஓட்டுவது என்று முடிவு. நான் ஆரணியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் நின்றபடி. புரட்டாசிக் கடைசியில், மாதம் பார்க்காத முதலாளி வீட்டில் கல்யாணம் வந்து, சனியும் ஞாயிறும் கடை மூடல் என்றார்கள். கல்யாண மொய்யை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிவிட்டேன்.

கூட வந்தவள் ரெஹானா. பள்ளியிலிருந்து தோழி, இப்போது தையல்கடை வைத்திருக்கிறாள். அவளுடையது கியர் வைத்த கனமான சைக்கிள், பின்னால் இரும்புக் கேரியர். என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய ரோடு பைக். விரல் அளவு டயர். அதைப் பார்க்கும்போதெல்லாம், "இது சைக்கிளா, தையல் மெஷின் சக்கரமாடி?" என்பாள். மலையில் யாருடைய சைக்கிள் உதவியது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், அவளை முந்திக்கொண்டு: அவளுடையதுதான்.

வெள்ளி இரவு சந்தவாசலில் அவள் சின்னம்மா வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை காலை 5:20க்குக் கிளம்பினோம். அந்த நேரத்துக்கே படவேட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிய மினி லாரிகள் வரிசையாக வரும். இடது ஓரமாக ரொம்ப ஒதுங்காதீர்கள், மண் சரிகிறது. போளூர் 14 கிலோமீட்டர், 6:15க்குச் சேர்ந்தோம். இட்லி நான்கு, வடை ஒன்று, டீ, ஆளுக்கு 62 ரூபாய். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் 42 கிலோமீட்டர். அத்திமூர் வரை சமதளம், பிறகு ஏற்றம்தான்.

ஏற்றத்தைப் பற்றிப் பயமுறுத்த மாட்டேன். கால் வலிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கம் போகாமல் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள், சரிவு குறையும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தோம். ஒன்பதரைக்கு மேல் கார்கள் தொடங்கிவிட்டன. ஒரு காரின் ஜன்னலிலிருந்து ஒருவன், "தள்ளட்டுமா சிஸ்டர்?" என்று கத்தினான். ரெஹானா, "மொதல்ல உன் வண்டியத் தள்ளு, புகை அடிக்குது!" என்றாள். 11:40க்கு ஜமுனாமரத்தூர். எங்கள் இருவரின் சட்டையிலும் உப்புக் கோடுகள்.

அறை வாடகை 900 ரூபாய், இருவருக்கும் சேர்த்து. விடுதிக்காரர் பதிவேட்டை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கூட ஆம்பளைங்க யாரும் வர்லியாம்மா?"

"ரெண்டு சைக்கிளுங்க. ரெண்டுத்துக்கும் ஆளு இருக்குது," என்றாள் ரெஹானா.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். தண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் வரும். வாளியை முதலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாலை டீக்கடையில் உட்கார்ந்து, "வண்டியே வராத ரோடு எதுனா இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டோம். கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி வராத ரோடா? இங்க அவனவன் வண்டி வரணும்னு மனு எழுதிக் குடுத்துக்கினு இருக்கான். உங்களுக்கு வராத ரோடு வோணுமா?"

"ஆமாங்க. சைக்கிள் ஓட்ட."

"அப்ப வேங்கைமரத்தூர் ரோட்டுக்குப் போங்க. பாலம் ஒடஞ்சி, போன ஐப்பசியிலேருந்து அப்பிடியே கெடக்குது. ஒரு வண்டி வராது. நாயி படுத்தா எழுப்பறதுக்கு ஆளு கெடையாது."

கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்கப்போவதில்லை. பாலம் உடைந்து ஒரு வருடமாகிறது என்ற பாதி என் காதில் விழவில்லை, வண்டி வராது என்ற பாதி மட்டும் விழுந்தது.

ஞாயிறு காலை 6:15. கீழே திட்டுத் திட்டாகப் பனி. உன்னிச்செடி ஓரங்களில் சிலந்திவலை எல்லாம் ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பெரிய சாலையில் 11 கிலோமீட்டர் போனால் இடதுபக்கம் ஒரு கிளைச்சாலை பிரிகிறது, முனையில் நிழற்குடை. நிழற்குடைக்குள் மூன்று பைக்குகள் பூட்டு போட்டு நின்றன. ஆட்கள் இல்லை. பஸ் நிற்க வேண்டிய இடத்தில் எதற்குப் பைக் நிற்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. 7:05க்கு உள்ளே திரும்பினோம்.

மூன்று கிலோமீட்டரில் பாலம். அதாவது, பாலம் இருந்த இடம். ஓடையின் குறுக்கே போட்ட சிறுபாலம்தான். அதில் நடுவில் இருந்த சிமெண்ட் குழாய்கள் கீழே உருண்டு கிடக்க, சாலை இரண்டு பக்கமும் கத்தரித்ததுபோல நின்றது. ஆளுயரப் பள்ளம். மண்ணில் படிக்கட்டுபோல வெட்டி, ஓடைக்குள் கற்களைப் போட்டு வழி செய்திருந்தார்கள். தோளில் சைக்கிளைத் தூக்கி இறங்கி ஏற எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனை நிமிடம் ஆகுமோ.

அதற்குப் பிறகு வந்தது நான் இதுவரை சைக்கிள் ஓட்டியதிலேயே சிறந்த சாலை. சொல்லாமல் இருந்தால் அது துரோகம். ஒரு வருடமாகச் சக்கரம் படாத தார். ஓரத்திலிருந்து புல் உள்ளே வந்து, நடுவில் ஒரு நூல்போல மட்டும் கறுப்பு. இரண்டு பக்கமும் வேங்கையும் கடுக்காயும் மூங்கிலும். சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். காற்று காதுக்குள் கத்தியது, நானும் பதிலுக்குக் கத்தினேன். ஒரு திருப்பத்தில் மயில் ஒன்று சாலை நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். ரெஹானா இரண்டு கையையும் விட்டு ஓட்டினாள். அவள் அப்படி ஓட்டிப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. ஹாரன் இல்லை, பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, எவனும் தள்ளட்டுமா என்று கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டர்.

7:50க்கு வேங்கைமரத்தூர். முப்பது வீடுகள் இருக்கும். ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலை முழுவதும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரு அறுபது அடி நீளத்துக்குச் சாமைத்தாள் பரப்பியிருந்தார்கள். கதிரோடு. நாங்கள் உடனே இறங்கினோம். யாருடைய சாப்பாட்டின் மேலேயும் டயரை ஏற்றக் கூடாது என்ற நாகரிகம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சாலையோரத்து முள்ளில் கால் வைத்து, பூனைபோல நடந்தோம்.

"ஏம்மா! ஏம்மா!" என்று ஒரு பெண் குரல். "சைக்கிளு உங்க மேல ஏறுதா, நீங்க சைக்கிளு மேல ஏறுறீங்களா?"

கல்லின் மேல் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவருக்கு நாற்பது வயது இருக்கும், கையில் கவைக்கோல். அவர்தான் சென்னம்மா.

"சாமை நசுங்கிடும்னுதாங்க..." என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நசுங்கணும்னுதானேம்மா ரோட்டுல போட்டுக்கினு காத்துக்கினு கெடக்குறோம்! எறங்காத, மேல ஏத்திக்கினு போ! சாமைக்கு வலிக்காது!"

விஷயம் இதுதான். முன்பு மாடு கட்டி மிதிக்க வைத்துக் கதிரிலிருந்து மணியைப் பிரித்தார்கள். சாலை வந்து, பஸ் வந்த பிறகு, மாட்டை விற்றுவிட்டார்கள். காலை எட்டு மணி பஸ் வரும் முன் தாளைச் சாலையில் பரப்பினால் பஸ் ஏறிப் போகும், திரும்பி வரும்போது மறுபடி ஏறும், இடையில் ஜீப்பும் டெம்போவும். மாலைக்குள் மணி கொட்டிவிடும். "பஸ்ஸுதாம்மா எங்களுக்கு மாடு," என்றார் சென்னம்மா. சாலையில் தானியம் போடுவது தப்பு, இரண்டு சக்கர வண்டி சறுக்கும் என்று எனக்கும் தெரியும். களம் கட்டிக் கொடுக்காதவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

"பஸ்தான் வர்றதில்லையே, அப்புறம் ஏங்க பரப்பினீங்க?" என்று ரெஹானா கேட்டாள்.

"வெள்ளிக்கெழமை மண்ணு கொட்டி வண்டி உட்றோம்னு யூனியன் ஆபீசுல சொன்னாங்க. எழுதி வாங்கலாம்னு நான் சொன்னேன். 'அதெல்லாம் வந்துரும்மா, நீங்க அறுங்க'ன்னாங்க. நம்பி அறுத்துட்டன். ரெண்டு நாளா காயுது. மண்ணும் வர்ல, மயிரும் வர்ல."

"அண்ணி!" என்று பக்கத்திலிருந்தவர் அதட்டினார்.

"இன்னா அண்ணி? இவங்க இன்னா கலெக்டரா?"

அவர் அப்படியே மேற்கே கையைக் காட்டினார். மலை முகட்டுக்குப் பின்னால் மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. புரட்டாசிக் கடைசியில் மதியத்துக்கு மேல் மழை நிச்சயம். அறுத்த சாமை தாளோடு நனைந்தால் இரண்டே நாளில் முளை கட்டும், கறுத்துப்போகும். முக்கால் ஏக்கர். அவர்கள் வீட்டுக்கு ஒரு வருடச் சோறும் அடுத்த வருட விதையும் அந்த அறுபது அடித் தாரில்தான் கிடந்தன. கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலையில். வீட்டுக்குள் எடுத்து அடுக்கலாமே என்று கேட்டேன். வீட்டைக் காட்டினார். ஒரே அறை. தடியால் அடித்தால் இரண்டு நாளாகும். ஊரிலிருந்த மூன்று பைக்கையும் பாலம் உடைந்ததும் அந்தப் பக்கமே விட்டுவிட்டார்கள். நிழற்குடையில் பார்த்தோமே, அவைதான்.

நாங்கள் சைக்கிளை ஏற்றினோம். என் டயர் தாளுக்குள் புதைந்து, பக்கவாட்டில் வழுக்கி, மூன்றாவது சுற்றில் நான் அழகாக விழுந்தேன். சாமைத்தாள் மெத்தைபோல இருந்தது, அடியில்லை.

"இந்தப் பொண்ணு சைக்கிளு கோழி கிளறுற மாதிரி இருக்குது," என்றார் சென்னம்மா. "அந்தப் பொண்ணுது பரவால்ல. ஆனா வெய்ட்டு பத்தாது."

"வெய்ட்டுதானே? நீங்க ஏறி ஒக்காருங்க அக்கா," என்று ரெஹானா கேரியரைத் தட்டினாள்.

சென்னம்மா உட்கார்ந்தார். ரெஹானா மிதித்தாள். இருவரின் எடையோடும் சக்கரம் போன தடத்தைச் சென்னம்மாவின் மகள் பவித்ரா குனிந்து பார்த்து, தாளை உதறினாள். சாமை மணி பொலபொலவென்று கொட்டியது. "அம்மா, உன் ஒடம்பு இன்னிக்குத்தான் வேலைக்கு ஆவுது!" என்றாள்.

பவித்ரா பன்னிரண்டாம் வகுப்பு. கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை ஆறு கிலோமீட்டர் நடந்து நிழற்குடைக்குப் போய்ப் பஸ் பிடிக்கிறாள். அவள்தான் அதைச் சொன்னாள்: "அக்கா, பஞ்சர் ஒட்டத் தெரியுமா? எங்க ஊர்ல அஞ்சு சைக்கிளு இருக்குது."

பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள். ஊரில் படித்த ஐந்து பேருடையவை. ஒன்று காலியான மாட்டுக்கொட்டகைச் சுவரில், ஒன்று கூரைக்கு முட்டுக்கொடுத்து, ஒன்றின் மேல் அவரைக்கொடி. எல்லாம் காற்றிறங்கி, துருப்பிடித்து. பஞ்சர் ஒட்டுகிற கடை 17 கிலோமீட்டர் தள்ளி, அங்கே போகவே சைக்கிள் வேண்டும். சைக்கிளைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதத் தொடங்கினால் மலை பற்றி எழுத இடமிருக்காது.

எங்களிடம் இரண்டு பஞ்சர் பெட்டி, பன்னிரண்டு ஒட்டு, ஒரு கைப்பம்பு. கடையில் தினமும் சின்னச் சின்ன மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்துப் பழகிய விரல் என்னுடையது. ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, உரசி, பசை தடவி, ஊதி, ஒட்டினேன். ரெஹானா சங்கிலிகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். முதல் மூன்று சைக்கிளுக்கு ஒன்பது ஒட்டு போனது. நான்காவதன் பின்பக்க ட்யூப் தொட்டாலே கிழிந்தது. அப்போது சென்னம்மாவின் மைத்துனர் ஏழுமலை வந்தார். டெம்போ ஓட்டுநர். அவருடைய டெம்போ பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொருவர் தோட்டத்தில் ஒரு வருடமாக நிற்கிறது. கைக்கு வேலை இல்லாமல் அவர் மீசையை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ட்யூபு இன்னாத்துக்கு? வைக்கோலத் திணி," என்றார்.

சாமைத்தாளையே முறுக்கி, ட்யூபுக்குப் பதிலாக டயருக்குள் திணித்து, சுற்றிலும் சணல் கட்டினார். கல்லைப்போல உருண்டது. ஐந்தாவதன் சட்டமே முறிந்திருந்ததால் அதை அவரைக்கொடிக்கே விட்டுவிட்டோம்.

9:40க்கு ஆறு சைக்கிள் தயார். எங்களுடையது இரண்டு, ஊருடையது நான்கு. பவித்ரா, அவளுடைய இரண்டு சிநேகிதிகள், ஏழுமலை. கேரியர் உள்ள ஐந்திலும் பின்னால் ஆளுக்கொரு பெண். என் ரோடு பைக்கில் கேரியர் கிடையாது. என்னைக் கவைக்கோலோடு தாளைத் திருப்பிப் போட அனுப்பிவிட்டு, அதை ஒல்லியாக இருந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். என் சைக்கிளை விட்டு நான் இவ்வளவு சந்தோஷமாக இறங்கியதே கிடையாது.

அடுத்த மூன்று மணிநேரம் எப்படி இருந்தது என்று எழுதுவது கஷ்டம். அறுபது அடி போய், திரும்பி, அறுபது அடி வந்து. வரிசையாக ஆறு. முதல் பத்து நிமிடத்தில் நான்கு பேர் விழுந்தார்கள், ஏழுமலை இரண்டு முறை. "டெம்போ ஓட்றவன் சைக்கிள்ள உழுறான் பாரு!" என்று அவர் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தாளுக்குள் கிடந்தபடியே கத்தினார். வைக்கோல் டயர் போட்ட சைக்கிள்தான் எல்லாவற்றிலும் நன்றாக மிதித்தது, அதனால் அதை ஓட்டச் சண்டை. பிள்ளை பெற்ற பிறகு சைக்கிளையே தொடாத ஒருவர் அழுத்தமாக உட்கார்ந்து, ஒரு முழுச் சுற்று ஓட்டிவிட்டு, இறங்க மாட்டேன் என்று இன்னும் ஐந்து சுற்று ஓட்டினார். அவர் கணவர் வேலியோரம் நின்று, "எறங்குடி, சோறு ஆக்கணும்," என்றார். "எட்டு மணி பஸ்ஸு போயிக்கினு இருக்குது, ஓரம் போங்க!" என்று பதில் வந்தது.

பஸ்ஸே வராத ஊரில் அன்றைக்கு அவர்கள்தான் பஸ். நடத்துநர்போல விசில்கூட அடித்தார்கள்.

ஆனால் யாரும் வானத்தை மறக்கவில்லை. பதினொன்றரைக்கு வெயில் போய்விட்டது. பாதித் தாளை உதறி ஒதுக்கிவிட்டோம், மீதி பாதி இன்னும் கதிரோடு. சென்னம்மா கேரியரிலிருந்து இறங்கி, சிரிப்பை நிறுத்திவிட்டு, முறத்தை எடுத்தார். ஒருபக்கம் மிதிக்க, மறுபக்கம் துடைப்பத்தால் கூட்டி, தூற்றி, சாக்கில். காற்று சாதகமாக அடித்தது. மழைக்கு முன் வரும் காற்று. பதர் எல்லாம் பறந்து என் முடியில்.

12:50க்கு முதல் சொட்டு. கொட்டைப்பாக்கு அளவு, தாரில் விழுந்து தெறித்தது. எல்லோரும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுச் சாக்கைத் தூக்கினார்கள். ஏழுமலை இரண்டு சாக்கை இரண்டு தோளில். ரெஹானாவும் நானும் ஒரு சாக்கை ஆளுக்கொரு முனையில். ஐந்து சாக்கு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பத்தடித் தாள் சாலையிலேயே நனைந்தது. சென்னம்மா வாசலில் நின்று அதையே பார்த்தார்.

"அது மாட்டுக்குன்னு வெச்சிக்குவோம்," என்றார். ஊரில் மாடு இல்லை என்பது அவருக்கும் தெரியும். பிறகு சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பிடி மணியை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக் கடித்தார். "காஞ்சிருக்குது. போதும்."

பழைய சாமையில் சோறு, மொச்சைக் குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பணம் கொடுக்கலாமா என்று நான் ரெஹானாவின் காதில் கேட்டேன். சென்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "குடு. அப்ப நீ மிதிச்சதுக்கு நான் கூலி குடுக்கறன்," என்றார். பர்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மழை குறைந்ததும், ஊருக்கு அப்பால் இருக்கும் மிச்சச் சாலையை ஓட்டிவிடலாம் என்று பவித்ராவும் எங்களோடு தன் சைக்கிளில் வந்தாள். நான்கு கிலோமீட்டர், காட்டின் விளிம்பில் சாலை முடிகிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே திருப்பத்தூர்ப் பக்கம் முழுவதும் வெயில், எங்கள் மேல் மட்டும் தூறல். திரும்பும் இறக்கத்தில் மூவரும் சேறு தெறிக்கப் பந்தயம் விட்டோம். பவித்ரா ஜெயித்தாள். அவளுக்கு ஒவ்வொரு திருப்பமும் தெரியும், எங்களுக்குப் பிரேக்கின் மேல் ஆசை.

அன்று மாலை அவள் நிழற்குடைக்கு நடக்கவில்லை. சைக்கிளில் வந்தாள். பள்ளத்தில் நாங்கள் மூவரும் மூன்று சைக்கிளையும் மாற்றி மாற்றித் தூக்கிக் கடந்தோம். நிழற்குடையில் பைக்குகளுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பஸ் ஏறும் முன் அவள், "அக்கா, நீங்க இதப் பத்தி எழுதுவீங்களா?" என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். "எங்க ஊர் அழகா இருக்குதுன்னு மட்டும் எழுதாதீங்க. இன்னும் பதினோரு வூட்டுச் சாமை நிக்குது. பாலம் எப்பன்னு தெரிஞ்சாதான் அறுக்க முடியும். அத எழுதுங்க."

எழுதிவிட்டேன், பவித்ரா.

போக நினைப்பவர்களுக்கு: சந்தவாசலிலிருந்து ஜமுனாமரத்தூர் 56 கிலோமீட்டர், ஆறரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் கிளம்பினால் மட்டுமே மலைச்சாலை உங்களுடையது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் பெரிய சாலையில் சைக்கிளை எடுக்காதீர்கள். ஆலங்காயம் இறங்கும் சாலையும் காலை எட்டு மணி வரை காலியாக இருக்கும், காவலூர் தாண்டியதும் நல்ல இறக்கம், பிரேக் கட்டையை முன்னாலேயே மாற்றிவிடுங்கள். காட்டுக்குள் போகும் மண்பாதைகளில் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள், தார்ச்சாலைகளே போதும். கிளைச்சாலையில் போன் எடுக்காது. பஞ்சர் பெட்டி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று உங்களுக்கு. இரண்டு நாள் செலவு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 1,180 ரூபாய். சாலையில் தானியம் பரப்பியிருந்தால், முதலில் கேளுங்கள், பிறகு மேலே ஏற்றுங்கள்.

வேங்கைமரத்தூர் போகும் அந்த ஆறு கிலோமீட்டரும், அதைத் தாண்டிய நான்கும்தான் இந்தப் பதிவில் நான் பரிந்துரைக்கும் சிறந்த பாதை. பாலம் கட்டிவிட்டால் அங்கே பஸ் வரும், ஜீப் வரும், பின்னாலேயே அந்தக் கார்களும் வரும். புல் போய்விடும். அந்த மயில் சாலையில் நிற்காது. நான் ஓட்டியதிலேயே சிறந்த சாலை இல்லாமல் போகும். போகட்டும். சீக்கிரம் போகட்டும்.

நேற்று மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், சென்னம்மா குறிப்பிட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"வேங்கைமரத்தூர் பாலத்தப் பத்திக் கேக்கணும் சார்."

"நீங்க யாரு? அந்த ஊரா?"

"இல்லீங்க, ஆரணி."

"ஆரணியில இருக்கறவங்களுக்கு அந்தப் பாலத்துல இன்னா வேலை?"

"சைக்கிள் ஓட்டினேன் சார். பதினோரு வீட்டுச் சாமை அறுக்காம நிக்குது. வெள்ளிக்கிழமை மண்ணு கொட்டறோம்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருந்தா வெள்ளிக்கெழமை வரும்மா."

"அந்த வெள்ளிக்கிழமை போயிடுச்சு சார்."

"இருங்க, லைன்ல இருங்க."

இருந்தேன். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம், யாரோ டீ வந்ததா என்று கேட்டார்கள், நாற்காலி நகர்ந்தது. இருமல் மருந்து கேட்டு ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார், கொடுத்து அனுப்பினேன். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"சார், எந்த வெள்ளிக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க. அறுக்கணும். சார், தேதி சொல்லுங்க."